கண் சிவந்தால் எல்லாம் மெட்ராஸ் ஐ இல்லை: கருவிழிப் புண்ணில் நாம் செய்யும் தவறுகள்

கதிர் அடிக்கும்போது கண்ணில் நெல் சுணை தெறிப்பதும், கரும்புத் தோகை கண்ணில் உரசுவதும், பால் கறக்கையில் மாட்டு வால் முகத்தில் அடிப்பதும் மதுரையை ஒட்டிய மேலூர், அலங்காநல்லூர் பக்கம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்கிற விஷயம் இல்லை. கண்ணைக் கசக்கிவிட்டு வேலையைப் பார்ப்போம். அந்தச் சின்னக் கீறல் வழியாகத்தான் பாக்டீரியாவோ பூஞ்சையோ உள்ளே போய் கருவிழியில் புண்ணாகிறது. ஆறினாலும் தழும்பு நிற்கும். "கண்ணில் பூ விழுந்துருச்சு" என்று ஊரில் சொல்வது பல நேரம் இந்தத் தழும்பைத்தான்.

முதல் தவறு, இந்தப் புண்ணை மெட்ராஸ் ஐ என்று நினைத்து நாலு நாளில் சரியாகிவிடும் என்று இருந்துவிடுவது. மெட்ராஸ் ஐயில் பீளை தள்ளும், உறுத்தும், பெரும்பாலும் அடுத்த கண்ணுக்கும் வீட்டில் மற்றவர்களுக்கும் பரவும், ஆனால் பீளையைத் துடைத்துவிட்டால் பார்வை ஓரளவு தெளிவாகவே இருக்கும். புண் என்றால் பெரும்பாலும் ஒரு கண்தான். குத்துகிற வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கூசுவது, நீர் கொட்டுவது, பார்வை மங்குவது. கண்ணாடி முன் நின்று பார்த்தால் சில சமயம் கருவிழியில் வெள்ளைப் புள்ளியே தெரியும். புள்ளி தெரியவில்லை என்பதற்காக நிம்மதியாக இருக்கவும் முடியாது, ஏனென்றால் பூஞ்சைப் புண் மெதுவாக வளரும், அடிபட்டுப் பல நாள் கழித்துக்கூட வெளியே தெரியவரும்.

அடுத்தது கைவைத்தியம். தாய்ப்பால் பீச்சுவது, விளக்கெண்ணெய் விடுவது, இலைச்சாறு பிழிவது, நாக்கால் தூசி எடுப்பது. பாட்டி அன்போடுதான் செய்கிறார், அதில் சந்தேகமே இல்லை, ஆனாலும் கீறல் விழுந்த கருவிழியில் இவை கிருமியைக் கொண்டுபோய் வைக்கிற வேலையைத்தான் செய்யும். சுத்தமான தண்ணீரில் கண்ணைக் கழுவுங்கள், கசக்காதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். துணி வைத்துக் கட்டவும் வேண்டாம்.

எல்லாவற்றிலும் மோசமான தவறு மருந்துக்கடையில் நடப்பது. "கண்ணு சிவந்திருக்கு, சொட்டு மருந்து குடுங்க" என்று கேட்டு வாங்குவது. கிடைக்கிற மருந்தில் டெக்ஸாமெதசோன், பிரெட்னிசலோன், பீட்டாமெதசோன் என்று ஏதாவது ஒரு ஸ்டீராய்டு (உடம்பின் எதிர்ப்பை அடக்கி வீக்கத்தைக் குறைக்கும் மருந்து) கலந்திருந்தால் சிவப்பும் வலியும் சீக்கிரமே குறையும், மருந்து கேட்கிறது என்று நாமும் தொடர்ந்து விடுவோம், உள்ளேயோ தடுப்பாரில்லாமல் பூஞ்சை பரவிக்கொண்டிருக்கும். நம் ஊரில் இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 1994-ல் மூன்று மாதத்தில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். கிருமி வளர்ந்த மாதிரிகளில் ஏறக்குறைய பாதி பூஞ்சை, அதிலும் அதிகம் மண்ணிலும் பயிரிலும் வாழும் ஃபியூசேரியம். கண்ணில் அடிபட்ட பிறகுதான் புண் வந்தது என்று மூன்றில் இரண்டு பங்குப் பேர் சொன்னார்கள். வெறும் ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து பூஞ்சையை ஒன்றும் செய்யாது. வீட்டில் எவருக்கோ வாங்கித் திறந்து வைத்த பழைய பாட்டிலும் அப்படித்தான், திறந்து ஒரு மாதம் ஆனதைத் தூக்கி எறியுங்கள்.

சரி, ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்? மஞ்சள் சாயம் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பார்கள், புண் இருக்கும் இடம் பச்சையாக ஒளிரும். மரத்துப்போக மருந்து விட்டு, புண்ணின் மேல்பரப்பை லேசாகச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பார்கள். "கண்ணைச் சுரண்டுறாங்களாம்" என்று பயந்து எழுந்து வந்துவிடாதீர்கள், எந்தக் கிருமி என்று தெரியாமல் மருந்து கொடுப்பது இருட்டில் கல்லெறிவது மாதிரி. ஏற்கெனவே விட்ட சொட்டு மருந்து பாட்டிலையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள், திட்டுவார்களோ என்று மறைக்க வேண்டாம். சர்க்கரை நோய் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

ஃபியூசேரியம் புண்ணுக்கு இன்றும் முதல் மருந்து 5 சதவீத நேட்டமைசின் சொட்டுதான். 2013-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், மதுரை உட்பட தென்னிந்திய மருத்துவமனைகளில் வோரிகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்துடன் ஒப்பிட்டுப் பார்த்தபோது நேட்டமைசின்தான் முன்னே நின்றது. பாட்டிலைக் குலுக்கிவிட்டுத்தான் விட வேண்டும், இல்லாவிட்டால் மருந்து அடியிலேயே தங்கிவிடும். ஆரம்பத்தில் மணிக்கொரு தடவை கூட விடச் சொல்வார்கள். அறுவடை நேரத்தில் அது எவ்வளவு கஷ்டம் என்பது புரிகிறது, ஆனாலும் வீட்டில் ஒருவர் கடிகாரம் பார்த்து விட்டே ஆக வேண்டும். இரண்டு மருந்து என்றால் நடுவே ஐந்து நிமிடமாவது இடைவெளி. வலி குறைந்ததும் நிறுத்திவிடுவதால்தான் எத்தனையோ புண் திரும்பக் கிளம்புகிறது. பூஞ்சைப் புண் ஆற வாரக்கணக்காகும்.

இன்னொன்றும் இருக்கிறது. மதுரை மாவட்டக் கிராமங்களிலேயே, கீறல் விழுந்தவர்களைச் சுகாதாரப் பணியாளர்கள் உடனே கண்டுபிடித்து, மூன்று நாள் ஆன்டிபயாடிக் களிம்பு போட்டுப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட எல்லாருக்கும் புண்ணாகாமலே ஆறிவிட்டது. அதனால் சுணை விழுந்த கண்ணை வலி வரும்வரை வைத்திருக்காதீர்கள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்காவது அன்றைக்கே போய்விடுங்கள்.