பழைய காருக்கு ஏசி: கம்ப்ரஸர் வாங்குவதற்கு முன்னால்

சித்திரை பிறந்துவிட்டால் பழைய அம்பாசடர், பத்மினி, ஏசி இல்லாத மாருதி 800 வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே ஆசைதான்: இந்த வருஷமாவது வண்டிக்கு ஏசி போட்டுவிட வேண்டும். நியாயமான ஆசை. கத்திரி வெயிலில் வயதான அப்பா அம்மாவை ஏற்றிக்கொண்டு நான்கு மணி நேரம் போய்ப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். முறையாகப் போட்டால் முப்பது வருடப் பழைய வண்டியிலும் ஏசி அருமையாக வேலை செய்யும். ஆனால் பல வண்டிகளில் அடுத்த கோடை வருவதற்குள் ஏசி நின்றுபோகிறது, இல்லாவிட்டால் ஏசியால் இன்ஜின் கெட்டுப்போகிறது.

ஏசியைத் தனியாக மாட்டிவிடும் ஒரு சாமானாக நினைப்பதுதான் முதல் தவறு. அது வண்டிக்குள் இருக்கும் சூட்டை அள்ளி வந்து நேராக ரேடியேட்டரின் முகத்தில் கொட்டுகிறது. அதுவரை தன் சூட்டை மட்டும் சமாளித்துக்கொண்டிருந்த ரேடியேட்டர் இனி இரண்டையும் சமாளிக்க வேண்டும். அதற்கு அது தயாரா என்று பார்க்காமல் பலரும் நேரே ஏசி கடைக்குப் போய்விடுகிறார்கள்.

நாங்களும் அப்படித்தான் போனோம். எங்கள் வீட்டில் 1489 சிசி பெட்ரோல் அம்பாசடர். ஏசி போட்ட மூன்றாவது வாரம் சேலத்திலிருந்து ஏற்காடு ஏறினோம். அந்த மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறுவதற்குள் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. எப்படியோ இறங்கி வந்து மறுநாள் ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் மோர் தடவியது போல வெள்ளையாக இருந்தது. இன்ஜினின் மேல் பகுதிக்கும் கீழ்ப் பகுதிக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட் போய், ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தது. ரேடியேட்டரைக் கழற்றி மேல் தொட்டியைப் பிரித்துப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. வருடக்கணக்கில் போர் தண்ணீர் ஊற்றியதில் டியூப்களின் வாயில் உப்பு படிந்து, வெந்நீர்ப் பானையின் அடி மாதிரி கெட்டியாக இருந்தது. பல டியூப்களில் மெல்லிய கம்பிகூட நுழையவில்லை. ஏசி இல்லாதவரை அந்த ரேடியேட்டர் எப்படியோ ஓட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அதனால் முதல் செலவு ரேடியேட்டருக்கு. கழற்றி உள்ளே கம்பி விட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு வரிசை டியூப் அதிகம் உள்ள கோர் போடுங்கள். மூடி, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ஹோஸ் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நல்ல தண்ணீரில் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். அப்புறம் இன்ஜினுக்கு கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது சிலிண்டர்களுக்குள் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்ற சோதனை. புகை விடும் இன்ஜினுக்கு ஏசி போடுவது வீண். அந்தப் பணத்தில் முதலில் இன்ஜின் வேலையை முடியுங்கள்.

அடுத்தது கண்டென்சர், ரேடியேட்டருக்கு முன்னால் நின்று ஏசி கேஸின் சூட்டை வெளியே விடும் பாகம். கடையில் இருப்பதை மாட்டாமல், கிரில்லுக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவு பெரிதாகப் போட வேண்டும். பழைய பாணிக் கண்டென்சரில் ஒரே குழாய் வளைந்து வளைந்து போகும். இப்போது வரும் பேரலல் ஃப்ளோ வகையில் தட்டையான பல குழாய்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். ஏசிக்குள் சுற்றும் ஆர் 134ஏ கேஸுக்கு இதுதான் நன்றாகச் சூட்டை இறக்கும். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே பக்கவாட்டில் இருக்கும் சந்துகளை ஸ்பாஞ்ச் வைத்து அடைக்க வேண்டும். காற்று எப்போதும் சுலபமான வழியில்தான் போகும். சந்து இருந்தால் கண்டென்சருக்குள் நுழையாமல் ஓரமாகவே போய்விடும்.

வண்டி ஓடும்போது சில்லென்று இருக்கிறது, சிக்னலில் நின்றால் அனல் வீசுகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுவது ஃபேனைத்தான். எலக்ட்ரிக் ஃபேனின் இரண்டு ஒயர்களை மாற்றிக் கொடுத்துவிட்டால் அது திருப்பிச் சுற்றும். சத்தம் வரும், சுற்றுவது கண்ணுக்கும் தெரியும், ஆனால் இன்ஜின் சூட்டையே முன்பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும். வண்டியை நிறுத்தி ஏசியைப் போட்டுவிட்டு கிரில்லுக்கு முன்னால் ஒரு தாளைப் பிடித்துப் பாருங்கள். தாள் கிரில்லோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். உங்கள் பக்கம் பறந்தால் ஒயரை மாற்றச் சொல்லுங்கள்.

கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸர் பெரிதாக இருந்தால் குளிர்ச்சியும் அதிகம் என்று நினைப்பவர்கள் நிறைய. சாண்டன் எஸ்டி 508 என்ற பெயரில் 5 என்பது பிஸ்டன்களின் எண்ணிக்கை, 8 என்பது கன அங்குலம், அதாவது சுமார் 138 சிசி. அம்பாசடருக்கு அது பொருந்தும். அதையே கார்புரேட்டர் வைத்த மாருதி 800-இல் மாட்டினால் என்ன ஆகும்? 796 சிசி, மூன்று சிலிண்டர், 40 குதிரைத் திறனைக்கூடத் தொடாத இன்ஜின் அது. ஏசி போட்டதும் இழுவை விழுந்துவிடும், மேம்பாலம் ஏற இரண்டாவது கியர் தேவைப்படும். அந்த வண்டிக்கு ஏசி மாடலில் வந்த சின்ன கம்ப்ரஸரும் அதற்கென்றே வார்த்த பிராக்கெட்டும் தேடினால் கிடைக்கும். ஆங்கிள் இரும்பை வெட்டி வெல்டு வைத்த பிராக்கெட் வேண்டாம். அதிர்வில் விரிசல் விடும், புல்லி நேர்கோட்டில் நிற்காமல் பெல்ட்டைத் தின்னும். இரண்டு புல்லிகளின் முகத்திலும் ஒரு ஸ்டீல் ஸ்கேலைப் படுக்கவைத்துப் பார்த்தால் கோணல் உடனே தெரிந்துவிடும்.

கார்புரேட்டர் வண்டிக்கு ஐடில் அப் வைக்காமல் விடுவதும் அடிக்கடி நடக்கிறது. கம்ப்ரஸர் பிடித்ததும் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் தானாகத் தூக்கிவிடும் சின்ன வேக்கம் அமைப்பு அது. அது இல்லாமல் எப்போதைக்குமாக ஐடிலிங்கை ஏற்றிவைத்துக் கொடுத்தால் பெட்ரோல்தான் வீணாகும்.

சரி, கரன்ட்டுக்கு வருவோம். வண்டிக்குள் காற்றைத் தள்ளும் பிளோயர் முழு வேகத்தில் 15 ஆம்பியர் வரை இழுக்கலாம், கண்டென்சர் ஃபேன் இன்னொரு 10, கம்ப்ரஸர் கிளட்ச் 3 அல்லது 4. மழை இரவில் ஹெட்லைட்டும் வைப்பரும் சேர்ந்தால் 40 ஆம்பியரைத் தாண்டிவிடும். டைனமோ வைத்த பழைய வண்டியால் இதைக் கொடுக்கவே முடியாது. பெரிய ஆல்டர்னேட்டர் போட்டே ஆக வேண்டும். ஃபேனுக்கும் பிளோயருக்கும் தனித்தனி ரிலே, தனித்தனி ஃபியூஸ், பேட்டரியிலிருந்து தடிமனான ஒயர். பழைய இக்னிஷன் சுவிட்சிலிருந்து நேராக லைன் எடுத்துக் கொடுத்தால் டேஷ்போர்டுக்குள் ஒயர் உருகும். இந்த விஷயத்தில் கடைக்காரர் என்ன சமாதானம் சொன்னாலும் கேட்காதீர்கள். வண்டி தீப்பிடிக்கும் விஷயம் இது.

செலவைக் குறைக்கச் சென்னை புதுப்பேட்டையில் பிரித்த வண்டியின் சாமான் வாங்குவது பலரும் செய்வது. பிராக்கெட், பிளோயர், டக்ட் எல்லாம் தாராளமாக வாங்கலாம். கம்ப்ரஸர் வாங்கினால் கையால் சுற்றிப் பாருங்கள், பின்பு கவிழ்த்து ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றுங்கள். ஆயில் கறுப்பாகவோ அலுமினியத் தூள் மினுமினுப்போடோ இருந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். அந்தத் தூள் கண்டென்சருக்குள் போனால் கழுவி எடுப்பது பெரும்பாடு. ஈரத்தை உறிஞ்சும் டிரையர், இணைப்புகளில் வரும் ரப்பர் வளையமான ஓ ரிங், கேஸை ஊசித் துளை வழியாக விடும் எக்ஸ்பான்ஷன் வால்வ் மூன்றும் புதிதாகத்தான் இருக்க வேண்டும். டிரையரின் மூடியைக் கடைசியில்தான் கழற்ற வேண்டும். காலையில் திறந்து மாலை வரை பெஞ்சில் வைத்திருந்தால் காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் அது அங்கேயே குடித்துவிடும்.

கேஸ் விஷயத்தில் நிதானம் வேண்டும். 1990-களில் போட்ட ஏசி ஏற்கெனவே வண்டியில் இருந்தால் அது ஆர் 12-ஆக இருக்கலாம். ஓசோனைக் கெடுப்பதால் 1987-இன் மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி நிறுத்தப்பட்ட கேஸ் அது. அந்த சிஸ்டத்தில் அப்படியே ஆர் 134ஏ அடித்தால் பழைய மினரல் ஆயில் அதோடு கலக்காது. ஆயில் ஓரிடத்தில் தேங்கி, கம்ப்ரஸர் வறண்டு சிக்கிக்கொள்ளும். எல்லாவற்றையும் கழுவி, புதிய கேஸுக்கு ஏற்ற ஆயிலும் ஓ ரிங்கும் ஹோஸும் போட வேண்டும். சிலர் மலிவென்று சமையல் சிலிண்டர் கேஸ் அடிப்பார்கள். தீப்பிடிக்கும் கேஸ் நம் மடிக்கு முன்னால் டேஷ்போர்டுக்குள் ஓடும். சம்மதிக்காதீர்கள்.

கேஸ் அடிப்பதற்கு முன் நைட்ரஜன் விட்டு சோப்பு நுரையால் லீக் பார்க்க வேண்டும். பிறகு வேக்கம், அதாவது உள்ளே இருக்கும் காற்றைப் பம்பால் உறிஞ்சி எடுப்பது. பத்து நிமிடம் பம்பை ஓட்டிவிட்டு 'ஆச்சு சார்' என்பார்கள். குறைந்தது 45 நிமிடம் ஓட வேண்டும். வேக்கத்தில் தண்ணீர் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறும். அதற்கு நேரம் கொடுக்கத்தான் அந்த முக்கால் மணி நேரம். உள்ளே தங்கிவிட்ட ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசித் துளையில் பனிக்கட்டியாக அடைக்கும், ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். பம்பை நிறுத்தியபின் அரை மணி நேரம் கேஜ் முள் நகராமல் நிற்கிறதா என்று நீங்களே கூட நின்று பாருங்கள். கேஸை எடை போட்டு அடிப்பதுதான் சரி. சின்ன கார்களுக்கு அரைக் கிலோ அளவில் போதும். 'கொஞ்சம் தூக்கலா அடிச்சிருக்கேன்' என்பது நல்ல சேதி கிடையாது. அளவு கூடினால் பிரஷர் ஏறும், குளிர்ச்சி குறையும், கம்ப்ரஸருக்கும் பாரம். பிரஷர் சுவிட்ச் ஒன்று கட்டாயம் வைக்கச் சொல்லுங்கள். ஃபேன் நின்றுபோனால் ஹோஸ் வெடிக்காமல் காப்பதும், கேஸ் தீர்ந்தால் கம்ப்ரஸர் வறட்சியில் ஓடாமல் நிறுத்துவதும் அதுதான்.

உள்ளே கூலிங் காயிலில் சேரும் தண்ணீருக்கு வழி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். டிரெய்ன் குழாய் கீழ்நோக்கிச் சரிந்து வண்டிக்கு வெளியே போக வேண்டும். மடங்கினால் தண்ணீர் பாய்க்கு அடியில் தேங்கும். நாற்றம் வந்து நாம் பாயைத் தூக்கும்போது தகடு துரு ஏறி உதிரும். இன்ஜினுக்கும் வண்டியின் உள்பக்கத்துக்கும் நடுவே உள்ள தகடான ஃபயர்வாலில் குழாய்க்காகப் போட்ட துளைகளுக்கு கிரோமெட் என்ற ரப்பர் வளையம் போட்டு அடையுங்கள். கதவு பீடிங்கையும் புதிதாக மாற்றுங்கள். கறுப்பு ஃபிலிம் ஒட்டி ஈடுகட்டலாம் என்று எண்ண வேண்டாம். முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது விதி.

வண்டியைச் சாயங்காலம் எடுக்காதீர்கள். பொழுது சாய்ந்தபின் எந்த ஏசியும் நன்றாகத்தான் இருக்கும். மதியம் இரண்டு மணிக்குப் போய், வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்தி, சூடான வண்டியை எடுத்து நெரிசலான சாலையில் ஓட்டிப் பாருங்கள். வென்டில் ஒரு தெர்மாமீட்டரைச் செருகுங்கள். வெளியே 38 டிகிரி இருக்கும்போது உள்ளே வரும் காற்று 12 டிகிரிக்குக் கீழே இறங்கி, சிக்னலில் ஐந்து நிமிடம் நின்றும் டெம்பரேச்சர் முள் நடுவிலேயே இருந்தால் மீதிப் பணத்தைக் கொடுக்கலாம். 500 கிலோமீட்டர் ஓடியதும் பெல்ட்டும் பிராக்கெட் போல்ட்டும் தளர்ந்திருக்கும், ஒரு தடவை போய் இறுக்கிக்கொண்டு வாருங்கள்.