ஃபீனிக்ஸ் வெயிலில் லெட்டூஸ் வளர்க்கலாம், பட்டம் தவறாமல் விதைத்தால்

ஃபீனிக்ஸுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் ஏப்ரலில் கடையில் லெட்டூஸ் நாற்றைப் பார்த்ததும் வாங்கிவிடுகிறார்கள். வாங்காதீர்கள். வெயில் ஏறியதும் அது பூத்தண்டு விட்டுக் கசந்துவிடும். இங்கே லெட்டூஸ் குளிர்காலப் பயிர். நவம்பர் முதல் மார்ச் வரை அமெரிக்காவின் பெரும்பகுதிக்கு லெட்டூஸ் போவதே நம் அரிசோனா மாநிலத்தின் யூமாவிலிருந்துதான்.

1. பட்டம்

செப்டம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை விதைக்கலாம். விதைப் பாக்கெட்டின் பின்புறம் இருப்பதை நம்பாமல், ஃபீனிக்ஸ் அடங்கிய மாரிகோபா மாவட்டத்துக்கென அரிசோனா பல்கலைக்கழக விரிவாக்கப் பிரிவு வெளியிடும் நடவு நாள்காட்டியை எடுத்துக்கொள்ளுங்கள்.

2. விதை

பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். செப்டம்பர் கடைசியிலும் பகல் வெயில் 38 டிகிரி செல்சியஸைத் தொடும். மண்ணின் சூடு ஏறக்குறைய 27 டிகிரியைத் தாண்டினாலே லெட்டூஸ் விதைகள் பல முளைக்காமல் உறங்கிவிடும். விதை கெட்டுவிட்டது என்று எண்ணி இன்னொரு பாக்கெட் வாங்கிப் பயனில்லை, அதுவும் உறங்கும்.

ஈரமான காகிதத் துண்டில் விதைகளைப் பரப்பி மடித்து, டப்பாவில் இட்டு, குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நான்கு நாள் வையுங்கள். உறைய வைக்கும் தட்டில் வேண்டாம். பிறகு ஏசி ஓடும் அறையில் குழித்தட்டில் விதையுங்கள். லெட்டூஸ் முளைப்பதற்கு வெளிச்சம் உதவும். ஆகவே மேலே மண்ணை அரை சென்டிமீட்டருக்கும் குறைவாகத் தூவினால் போதும். முளை தெரிந்த அன்றே நல்ல வெளிச்சத்துக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் தண்டு நீண்டு துவண்டுவிடும்.

மண்ணின் சூட்டை அளக்க, இறைச்சியில் குத்திப் பார்க்கும் வெப்பமானியே போதும். சைவ வீடு என்றால் தோட்டத்துக்கென்று ஒன்று வாங்கிக்கொள்ளலாம். ரகத்தில் என் ஓட்டு ஜெரிக்கோவுக்கு. இஸ்ரேலில் உருவான ரொமெய்ன் வகை. சூட்டை ஓரளவு தாங்கும்.

3. மண்

தோண்டினால் கலீச்சே என்ற சுண்ணாம்புப் பாறைபோன்ற அடுக்கு தட்டுப்படலாம். அதனுடன் மல்லுக்கட்டாமல் 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டுக் கம்போஸ்ட் நிரப்புங்கள். ஊர்ப் பழக்கத்தில் அடுப்புச் சாம்பலைத் தூவ வேண்டாம். இந்த மண்ணில் ஏற்கெனவே காரத்தன்மை அதிகம்.

4. தண்ணீர்

நம் குழாய்நீரில் உப்பு உண்டு. தினமும் லேசாகத் தெளித்தால் அந்த உப்பு வேரருகிலேயே தங்கி இலை நுனியைக் கருக்கும். சொட்டுநீர்க் குழாயை நெடுநேரம் திறந்துவிட்டு அவ்வப்போது உப்பைக் கீழே இறக்குங்கள். வைக்கோல் மூடாக்கு கட்டாயம். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டிகள் எனக்கு ஆகாது. வெயிலில் வேரை வேகவைத்துவிடும்.

5. அறுவடை

வெளி இலைகளை மட்டும் கிள்ளுங்கள். நடுக்குருத்து வளர்ந்துகொண்டே இருக்கும்.

மற்ற காய்கள்

தக்காளி நாற்றைப் பிப்ரவரி பாதியில் உறைபனி ஓய்ந்ததும் நடுங்கள். பகல் 35 டிகிரியைத் தாண்டிவிட்டால் பூ உதிரும், காய் பிடிக்காது. கோடைக்கு வெண்டை, காராமணி, கொத்தவரை, தண்டுக்கீரை. நம் சமையலறைக்கு இதைவிட என்ன வேண்டும்!

பின்சேர்க்கை: நாற்று ஒரே இரவில் மொட்டையாகிவிடுகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். பெரும்பாலும் முயல்தான், பகலில் என்றால் காடை, குருவிகளாக இருக்கலாம். கோழிவலையைக் கூடாரம்போல வளைத்துப் பாத்திமேல் கவிழ்த்துவிடுங்கள். முயல் அடியில் நுழையாதபடி ஓரங்களை மண்ணில் புதைக்க வேண்டும்.