எஸ்.எம்.எஸ்.-1 எடுத்த மேகப் படத்தை வாசிக்கும் முறை

1974 மே 17 அன்று கேப் கனாவெரலிலிருந்து டெல்டா ராக்கெட்டில் ஏவப்பட்ட எஸ்.எம்.எஸ்.-1, வானிலைப் பணிக்கென்றே வடிவமைக்கப்பட்ட முதல் புவிநிலைச் செயற்கைக்கோள் (நிலநடுக்கோட்டில் ஒரே இடத்துக்கு மேலே நிலைத்து நிற்பதுபோல் புவியைச் சுற்றுவது) ஆகும். நாசா உருவாக்கிய அந்த வடிவமைப்பே, 1975 அக்டோபர் 16 அன்று ஏவப்பட்ட கோஸ்-1 என்ற அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள் முதலான அடுத்த சில செயற்கைக்கோள்களிலும் தொடர்ந்தது. அக்காலத்துப் படமொன்றை எடுத்து ஆராய விரும்புகிறவர், மேகங்களைப் பார்ப்பதற்கு முன் அப்படம் எவ்வாறு உருவானது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனெனில் அது நொடியில் பதிந்த புகைப்படம் அன்று. பதினெட்டு நிமிடங்களில் வரிவரியாக எழுதி முடித்த படம்.

செயற்கைக்கோள் ஓர் உருளை. அதன் பக்கமெல்லாம் சூரிய மின்கலங்கள் ஒட்டப்பட்டிருந்தன. புவியின் அச்சுக்கு இணையான அச்சில் நிமிடத்திற்கு 100 முறை அது சுழன்றது. உள்ளே ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியும், அதற்கு முன்னால் சாய்த்துப் பொருத்தப்பட்ட கண்ணாடியும் இருந்தன. ஒளியையும் அகச்சிவப்பையும் அளக்கும் இக்கருவியின் பெயர் விஸ்ஸர். ஒரு சுழற்சிக்கு ஆகும் 0.6 நொடியில் கருவியின் பார்வை மேற்கிலிருந்து கிழக்காகப் புவியின் மீது ஒரு கோடு இழுக்கும். அடுத்த சுழற்சிக்குள் கண்ணாடி ஒரு பாகையில் தொண்ணூறில் ஒரு பங்கு மட்டும் தெற்கே சாயும். இவ்வாறு 1821 படிகள் நகர்ந்தால் 20 பாகை அகலம் முழுதும் வருடப்பட்டுவிடும். 1821 முறை 0.6 நொடி என்பது 18.2 நிமிடம். அரைமணிக்கு ஒரு படம் கிடைத்தது இக்கணக்கினால்தான்.

சுழற்சியையே வருடலாகப் பயன்படுத்தும் இந்த யோசனை, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் வெர்னர் சுவோமியும் ராபர்ட் பேரண்டும் 1966 டிசம்பரில் ஏவப்பட்ட ஏ.டி.எஸ்.-1 என்ற நாசாவின் சோதனைச் செயற்கைக்கோளுக்கு அமைத்துக் கொடுத்த மேகக் கேமராவிலிருந்து வந்தது. புவிநிலை உயரத்திலிருந்து புவி 17.4 பாகை அளவே தெரிகிறது. ஆகவே ஒவ்வொரு சுழற்சியிலும் இருபதில் ஒரு பங்கு நேரமே கருவி புவியைப் பார்த்தது. மீதி நேரம் வீணாகவில்லை என்பது இவ்வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம். விரைந்து கொட்டிய தரவை வர்ஜீனியாவின் வாலப்ஸ் தீவு நிலையம் வாங்கி, வேகத்தைக் குறைத்து நீட்டி, புவி பார்வையில் இல்லாத இடைவேளையில் அதே செயற்கைக்கோள் வழியாகப் பயனர்களுக்குத் திருப்பி அனுப்பியது.

இனி படத்தை எடுத்துக்கொள்ளலாம். முதலில் நேரத்தைச் சரிசெய்ய வேண்டும். படத்தில் 12.00 என்று தொடக்க நேரம் குறிக்கப்பட்டிருந்தால், வடக்கு ஓரம்தான் ஏறக்குறைய அந்நேரத்திற்குரியது. நிலநடுக்கோடு 910ஆம் படியில், அதாவது 12.09-க்குச் சற்றே மேல் பதிவாகியிருக்கும். செயற்கைக்கோளின் தீர்க்கரேகையில் வட அட்சம் 20-இல் உள்ள புயலை 12.06-க்கும், தென் அட்சம் 20-இல் உள்ளதை 12.12-க்கும் உரியதாகக் கொள்ளுங்கள். கப்பலோ விமானமோ அளந்த அளவீட்டோடு படத்தை ஒப்பிடுகிறவர்கள் இத்திருத்தத்தைச் செய்யாமல் விட்டால், விரைவாக வளரும் இடிமேகங்களில் பிழை ஏற்படும்.

அடுத்து, கையிலிருப்பது கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்த படமா, அகச்சிவப்புப் படமா என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு எட்டு ஒளிமின் பெருக்கிக் குழல்கள் (மங்கிய ஒளியையும் அளக்கத்தக்க மின்சாரமாக மாற்றும் உணரிகள்) இருந்தன. கண்ணாடியின் ஒரு படிக்கு எட்டு வரிகளை அவை ஒரே சமயத்தில் எழுதின. செயற்கைக்கோளுக்கு நேர் கீழே ஒரு புள்ளியின் அளவு ஏறக்குறைய 0.9 கிலோமீட்டர். எட்டுக் குழல்களும் ஒரே உணர்திறன் உடையவையாக இருப்பதில்லை. ஆகவே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் எட்டு வரிக்கு ஒருமுறை அதே மங்கல் கோடு திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். அதை மெல்லிய மேகப் பட்டை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கடல்மேல் சீரான கிழக்கு மேற்குக் கோடுகள் தெரிந்தால், வரிகளை எண்ணிப் பாருங்கள். எட்டின் மடங்கில் திரும்பினால் அது கருவியின் சுவடு.

அகச்சிவப்பு உணரிகள் 10.5 முதல் 12.6 மைக்ரான் வரையிலான கதிர்வீச்சை அளந்தன. அவற்றை மைனஸ் 178 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்விக்க எந்திரம் எதுவும் இல்லை. விண்வெளியை நோக்கி வெப்பத்தை வெளியேற்றும் கதிர்வீச்சுக் குளிர்விப்பான் மட்டுமே இருந்தது. புள்ளியின் அளவு எட்டு, ஒன்பது கிலோமீட்டராகப் பெருத்திருந்தாலும், இரவிலும் படம் கிடைத்ததும் வெப்பநிலையை அளக்க முடிந்ததும் இதனால்தான். கோஸ் வரிசையின் எண்வடிவப் படங்களில் வழங்கிய வாய்பாடு எளிது. புள்ளியின் எண் 176 அல்லது அதற்குக் குறைவானால், அதன் பாதியை 330-இலிருந்து கழியுங்கள். 176-க்கு மேலானால், முழு எண்ணையும் 418-இலிருந்து கழியுங்கள். விடை கெல்வினில் வரும். எண் 100 என்றால் 280 கெல்வின், அதாவது 7 டிகிரி செல்சியஸ்: தாழ்மேகமாகவோ குளிர்ந்த தரையாகவோ இருக்கலாம். எண் 200 என்றால் 218 கெல்வின், மைனஸ் 55 டிகிரி: மிக உயரத்தில் உள்ள முகில் உச்சி. எண் ஏற ஏற குளிர்ச்சியும் வெண்மையும் கூடும். மெல்லிய கீற்று மேகத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். கீழிருந்து வரும் வெப்பம் அதன் ஊடே கசிவதால், உண்மையைவிடத் தாழ்ந்த உயரத்தில் இருப்பதாகக் கணக்கு காட்டும்.

இடத்தைக் குறிக்கும்போது சாய்வையும் கருத வேண்டும். செயற்கைக்கோள் அடிவானத்திலிருந்து 45 பாகை உயரத்தில் தெரியும் ஊருக்கு மேலே 15 கிலோமீட்டர் உயரமுள்ள முகிலின் உச்சி, படத்தில் 15 கிலோமீட்டர் வெளிப்புறமாகத் தள்ளித் தெரியும். விளிம்பை நெருங்க நெருங்க இது பெருகும்.

காற்றின் வேகத்தை அறிய, அரைமணி இடைவெளியுள்ள இரு படங்களை எடுத்து, கரையோரக் குறிகளைப் பொருத்திய பின், சிறிய, வடிவம் மாறாத மேகத்துணுக்கு ஒன்றைத் தொடருங்கள். நேர் கீழே அது 30 புள்ளிகள் நகர்ந்திருந்தால் 27 கிலோமீட்டர். மணிக்கு 54 கிலோமீட்டர். ஒவ்வொரு வரியும் அடுத்த படத்தில் அதே முறையில் மீண்டும் வருவதால், முன்பு சொன்ன பதினெட்டு நிமிடச் சிக்கல் இங்கே குறுக்கிடாது. மேகத்தின் உயரத்தை அகச்சிவப்பு வெப்பநிலையிலிருந்து கணியுங்கள். 1979-இல் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே நிறுத்தப்பட்டிருந்த கோஸ்-1-இன் படங்களிலிருந்து, தென்மேற்குப் பருவமழைக் காலத்துக் கடற்காற்று இம்முறையில்தான் கணக்கிடப்பட்டது.

மார்ச், செப்டம்பர் மாதங்களில் நள்ளிரவை ஒட்டிய படங்கள் காணாமற்போனால் தேடி அலைய வேண்டாம். அந்நாட்களில் செயற்கைக்கோள் தினமும் அதிகபட்சம் 72 நிமிடம் வரை புவியின் நிழலுக்குள் போகும். மின்கலங்களுக்கு அப்போது வெயில் கிடைக்காது.