என்எஃப்எல் டிராஃப்டில் எந்த இடத்துக்கு முதலில் ஆள் எடுப்பது? மேசையில் வாதாட ஒரு வழிகாட்டி

ஏப்ரல் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை 8 மணிக்கு பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையில் உட்கார்ந்து பசியாறிக்கொண்டே கைப்பேசியில் என்எஃப்எல் டிராஃப்ட், அதாவது அமெரிக்கக் காற்பந்து அணிகள் கல்லூரிப் பையன்களை முறை வைத்து எடுப்பதை, பார்க்கிற கூட்டம் சின்னது, ஆனால் சத்தம் பெரிது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் அப்போது வியாழன் இரவு 8. நாம் வேலைக்குப் போகும் முன் முதல் ஏழெட்டு பேர் யார் என்று தெரிந்துவிடும். அந்த ஒரு மணி நேர வாதம் முக்கால்வாசி ஆளைப் பற்றியே போகிறது: "அண்ணே, அந்தப் பையன் காலேஜில் ஓடின ஓட்டத்தைப் பார்த்தீங்களா?" பார்த்தோம், நன்றாகத்தான் ஓடினான். ஆனால் அணிக்கு முதல் கேள்வி அவன் எப்படி ஓடுகிறான் என்பது இல்லை, ஓடுகிற இடத்துக்கு, அதாவது களத்தில் அவன் செய்யும் அந்த வேலைக்கு, இவ்வளவு முன்னால் ஒரு ஆளை எடுக்கலாமா என்பதுதான். ஆள் யார் என்பது அப்புறம்.

பிரிமியர் லீக் பார்த்து வளர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 32 அணிகள், ஏழு சுற்று. போன பருவத்தில் கடைசியாக வந்த அணி முதலில் எடுக்கும், இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் ஜெயித்த அணி கடைசியில் எடுக்கும். ஆள் எடுக்கும் இந்த வாய்ப்புகளை அணிகள் தங்களுக்குள் மாற்றிக்கொண்டு வரிசையில் ஏறலாம், இறங்கலாம். காசு இருக்கிறதே என்று யாரையும் வாங்கிக் குவிக்க முடியாது, மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2025இல் ஓர் அணிக்கு அது 279.2 மில்லியன் டாலர். இந்த வரம்பு மட்டும் இல்லை என்றால் எந்த இடம் முக்கியம் என்ற வாதமே தேவையில்லை, எல்லா இடத்துக்கும் நல்ல ஆளை வாங்கிவிடலாம்.

சரி, முதல் வேலை: ஒவ்வோர் இடத்தின் சந்தை விலையைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் ஒருவரை அணி இன்னும் ஒரு வருடம் பிடித்து வைக்க நினைத்தால் 'ஃபிராஞ்சைஸ் டேக்' போடும். அதற்கான தொகையை லீக்தான் முடிவு செய்யும், அந்தந்த இடத்தில் அதிகம் வாங்குபவர்களின் சம்பளத்தை வைத்து. ஆக ஒவ்வொரு வருடமும் நமக்கு இலவசமாக ஒரு விலைப்பட்டியல் கிடைக்கிறது. 2025இல் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்குக்கு 40 மில்லியனுக்கு மேல், எறிவதைப் பிடிக்கும் வைட் ரிசீவருக்கு ஏறக்குறைய 24 மில்லியன், பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்குக்கு 14 மில்லியன்கூட இல்லை. இதில் ஒரு குறை உண்டு. குவாட்டர்பேக்கைக் காக்கும் தடுப்பு வரிசையில் இருக்கும் ஐந்து பேரையும் ஒரே தொகையில் போட்டுவிடுவார்கள், அதனால் டாக்கிளுக்கும் நடுவில் நிற்கும் சென்டருக்கும் உள்ள வித்தியாசம் அங்கே தெரியாது. உண்மையான ஒப்பந்தங்களைப் பார்த்தால் தெரியும், ஓரத்தில் நிற்கும் டாக்கிள்தான் அதிகம் வாங்குவார்.

இதையும் கூடவே மனதில் வையுங்கள், வாதத்தின் ஆணிவேரே இதுதான்: புதிதாக வரும் பையனின் சம்பளம் அவன் ஆடும் இடத்தைப் பொறுத்தது இல்லை, எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டான் என்பதைப் பொறுத்தது. 2011 முதல் இப்படித்தான். அதற்கு முந்தின வருடம் முதல் ஆளாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருடத்துக்கு 78 மில்லியன் ஒப்பந்தம், அடுத்த வருடம் அதே முதல் இடத்தில் வந்த கேம் நியூட்டனுக்கு நான்கு வருடத்துக்கு 22 மில்லியன். ஐந்தாவதாக ஒரு ரன்னிங் பேக்கை எடுத்தாலும் டாக்கிளை எடுத்தாலும் அணி கொடுப்பது ஒரே காசு. அப்படியென்றால் வெளிச் சந்தையில் எந்த இடம் விலை அதிகமோ, அந்த இடத்துக்கு டிராஃப்டில் ஆள் எடுத்தால்தான் லாபம். முதல் சுற்று என்றால் ஐந்தாவது வருடமும் அந்த ஆளை வைத்துக்கொள்ளும் உரிமை அணிக்கு உண்டு. 2018இல் பால்டிமோர் ரேவன்ஸ் முதல் சுற்றின் கடைசி இடமான 32ஐ ஈகிள்ஸிடமிருந்து வாங்கி குவாட்டர்பேக் லாமார் ஜாக்சனை எடுத்தது, அந்தக் கூடுதல் வருடமும் கையோடு வந்தது.

இப்போது பழகுவதற்கு ஒரு பழைய டிராஃப்டை எடுங்கள். என் பரிந்துரை 2021. முடிவு நமக்குத் தெரியும், எல்லா வகை வாதமும் அதற்குள் இருக்கிறது. முதல் 15 பெயர்களை ஒரு தாளில் எழுதி, பெயரை மறைத்துவிட்டு இடத்தை மட்டும் பார்த்து யாரை எடுப்பீர்கள் என்று நண்பர்களிடம் கேளுங்கள், அப்புறம் பெயரைத் திறங்கள்.

அந்த வருடம் முதல் 15இல் ஐந்து குவாட்டர்பேக்குகள். டிரெவர் லாரன்ஸ், சாக் வில்சன், டிரே லான்ஸ், ஜஸ்டின் ஃபீல்ட்ஸ், மேக் ஜோன்ஸ். 2024 பருவம் தொடங்கும்போது இவர்களில் தன்னை எடுத்த அணியிலேயே இருந்தவர் லாரன்ஸ் ஒருவர்தான். லான்ஸை எடுக்க 49ஐயர்ஸ் 12இலிருந்து 3க்கு ஏறியது, மூன்று முதல் சுற்று வாய்ப்புகளைக் கொடுத்து. கடைசியில் அந்த அணியைச் சூப்பர் பவுல் வரை கொண்டுபோனவர் 2022இல் ஆகக் கடைசி ஆளாக, 262ஆவதாக எடுக்கப்பட்ட பிராக் பர்டி. 2023இல் அவருடைய அடிப்படைச் சம்பளம் 8,70,000 டாலர். குவாட்டர்பேக்குக்கு இவ்வளவு குறைவாகக் கொடுத்ததால்தான் மற்ற இடங்களில் பெரிய சம்பளக்காரர்களை வைத்திருக்க முடிந்தது. 2025இல் பர்டியே ஐந்து வருடத்துக்கு 265 மில்லியன் ஒப்பந்தம் போட்டபோது அந்தச் சலுகைக் காலம் முடிந்தது.

இதைக் காட்டி "பார்த்தாயா, குவாட்டர்பேக்கை முன்னால் எடுக்கவே கூடாது" என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். 2017இல் கான்சஸ் சிட்டி 27இலிருந்து 10க்கு ஏறி பாட்ரிக் மஹோம்ஸை எடுத்தது. நல்ல குவாட்டர்பேக் இல்லாத அணி எடுத்துத்தான் ஆக வேண்டும், தவறினாலும் மறுபடி எடுக்க வேண்டும், வேறு வழி கிடையாது. நான் எதிர்ப்பது ஒன்றைத்தான்: ஒரே குவாட்டர்பேக்குக்காக வரும் இரண்டு மூன்று வருட வாய்ப்பையெல்லாம் அள்ளிக் கொடுப்பதை. ஏறிப் போய் மஹோம்ஸ் கிடைத்த அணியை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அதே 2017இல் சிகாகோ 3இலிருந்து 2க்கு ஏறி மிட்செல் டிரபிஸ்கியை எடுத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

2021இன் நல்ல சண்டை ஐந்தாவது இடத்தில் இருக்கிறது. சின்சினாட்டி பெங்கால்ஸ். முந்தின வருடம் முதல் ஆளாக எடுத்த குவாட்டர்பேக் ஜோ பரோவுக்கு நவம்பரில் முழங்கால் போய்விட்டது. கண்ணெதிரே இரண்டு பேர்: பரோவோடு கல்லூரியில் ஆடிய ரிசீவர் ஜமார் சேஸ், தடுப்பு வரிசைக்கு பெனே சூவல். அடிபட்ட பையனைக் காப்பாற்ற டாக்கிள் வேண்டாமா என்று பாதிப் பேர் கத்தினார்கள். பெங்கால்ஸ் சேஸை எடுத்தது, சூவல் ஏழாவதாக டெட்ராய்ட் போனார். சேஸ் முதல் வருடமே 1,455 கெஜம் பிடித்தார், அணி சூப்பர் பவுல் போனது. ஆனால் அந்தப் பிளேஆஃப் (நாக்அவுட்) சுற்றில் டென்னசிக்கு எதிரான ஆட்டத்தில் பரோ ஒன்பது முறை வீழ்த்தப்பட்டார், சூப்பர் பவுலில் ஏழு முறை, ராம்ஸிடம் 20-23 என்று தோற்றார்கள். சூவல் பிறகு லீக்கிலேயே முதல் தரத் தடுப்பாளர் ஆனார், சேஸ் 2024இல் பிடிப்பு, கெஜம், டச்டவுன் மூன்றிலும் முதலிடம்.

இரண்டு பேருமே உச்சம் என்றால் யார் பக்கம் சரி? இங்கேதான் வாதத்தைத் திருப்ப வேண்டும். ஒரு சுற்றை மட்டும் பார்த்து முடிவு சொல்லாதீர்கள், இரண்டு சுற்றைச் சேர்த்துப் பாருங்கள். முதல் சுற்றில் இதை எடுத்தால், என் முறை மறுபடி வரும்போது எது மிச்சம் இருக்கும்? நல்ல ரிசீவர்கள் பின்னாலும் கிடைக்கிறார்கள்: டவான்டே ஆடம்ஸ் இரண்டாம் சுற்று, கூப்பர் கப் மூன்றாம் சுற்று, அதே 2021இல் ஆமோன்-ரா செயின்ட் பிரவுன் 112ஆவது ஆள். நல்ல டாக்கிள்கள் சீக்கிரம் தீர்ந்துபோவார்கள். அந்த உடலும் அந்தக் கால் வேகமும் ஒரே மனிதனிடம் சேர்ந்திருப்பது அபூர்வம். பெங்கால்ஸ் இரண்டாம் சுற்றில் எடுத்த தடுப்பாளர் நிலைக்கவில்லை. அதனால் என் தீர்ப்பு சூவல்தான். சேஸ் எவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என்று தெரிந்தே சொல்கிறேன்.

நான்காவது இடத்தில் அட்லாண்டா எடுத்தது கைல் பிட்ஸ், தடுப்பும் பிடிப்பும் சேர்த்துச் செய்யும் டைட் எண்ட். அந்த இடத்துக்கு வரலாற்றிலேயே இவ்வளவு முன்னால் யாரும் எடுக்கப்பட்டதில்லை. அருமையான திறமைதான், ஆனால் டிராவிஸ் கெல்சி மூன்றாம் சுற்றில் கிடைத்தவர், ஜார்ஜ் கிட்டில் ஐந்தாம் சுற்று. பின்னால் கிடைக்கிற இடத்துக்கு முன்னால் கொடுக்கக் கூடாது என்று சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அதே பட்டியலில் ஒன்பதாவதாக, எதிரணி ரிசீவரைக் காவல் காக்கும் கார்னர்பேக் பாட்ரிக் சர்டெய்ன், 12ஆவதாக, எதிரணிக் குவாட்டர்பேக்கைத் துரத்தும் மைக்கா பார்சன்ஸ். சர்டெய்ன் 2024இன் சிறந்த தற்காப்பு வீரர், பார்சன்ஸை 2025இல் கிரீன் பே வாங்கியபோது கொடுத்தது இரண்டு முதல் சுற்று வாய்ப்பும் ஓர் ஆட்டக்காரரும்.

டிராஃப்டுக்கு முன்னால் ஒரு பயிற்சி செய்து பாருங்கள். ஏதாவது ஓர் ஆட்டத்தின் பதிவைப் போட்டு, பந்தைப் பார்க்காதீர்கள். காற்பந்து பார்த்துப் பழகின கண் பந்தோடேயே ஓடும், கஷ்டம்தான். பந்து பின்னால் போகும் அந்த நொடியில் இடது ஓரத் தடுப்பாளரை மட்டும் பாருங்கள். அவர் பின்வாக்கில் சறுக்கிக்கொண்டே கையை நீட்டுவார், எதிரே வருபவன் தோளைத் தாழ்த்தி அவரைச் சுற்றி வளைந்து வருவான். இரண்டரை, மூன்று விநாடிதான். அதற்குள் தடுப்பாளரின் இடுப்பு திரும்பிவிட்டால் குவாட்டர்பேக் விழுந்தார் என்று அர்த்தம், ரிசீவர் எவ்வளவு தூரம் ஓடியிருந்தாலும் பயனில்லை.

2025 பிப்ரவரியில் நம் திங்கட்கிழமை காலையில் நடந்த சூப்பர் பவுலை இப்படித்தான் பார்க்க வேண்டும். ஈகிள்ஸ் 40-22 என்று கான்சஸ் சிட்டியை அடித்தது. மஹோம்ஸை ஆறு முறை வீழ்த்தினார்கள், ஒரு முறைகூடக் கூடுதல் ஆளை அனுப்பவில்லை. முன்வரிசை நான்கு பேரே போதுமாக இருந்தது, மீதி ஏழு பேரும் பின்னால் நின்று பாதையை அடைத்துக்கொண்டார்கள். அந்த வரிசையில் ஜேலன் கார்ட்டர், ஜோர்டன் டேவிஸ் முதல் சுற்று, மில்டன் வில்லியம்ஸ் மூன்றாம் சுற்று, ஜோஷ் ஸ்வெட் நான்காம் சுற்று. ஓர் ஆளில் ஆகிற காரியம் இல்லை அது. வருடா வருடம் அதே இடத்துக்கு எடுத்துக்கொண்டே இருந்தால்தான் வரும்.

அதே அணியில் இருந்த சேக்வான் பார்க்லி விஷயம் மேசையில் கட்டாயம் வரும். 2018இல் நியூயார்க் ஜயண்ட்ஸ் அவரை இரண்டாவது ஆளாக எடுத்தது. அதே டிராஃப்டில் ஏழாவதாகப் போனவர் குவாட்டர்பேக் ஜோஷ் ஆலன். பார்க்லி 2024இல் ஈகிள்ஸுக்கு வந்து, பலமான தடுப்பு வரிசைக்குப் பின்னால் 2,005 கெஜம் ஓடினார். அவர் அப்போது போட்ட ஒப்பந்தம் மூன்று வருடத்துக்கு 37.75 மில்லியன், குவாட்டர்பேக் ஒருவரின் ஒரு வருட விலை அவ்வளவு. "அப்ப ரன்னிங் பேக் முக்கியம்தானே?" என்று கேட்பார்கள். முக்கியம்தான், ஆனால் ஈகிள்ஸ் முதலில் வரிசையைக் கட்டிவிட்டு அப்புறம் ஓடுபவரை வாங்கியது. ஜயண்ட்ஸ் அதைத் தலைகீழாகச் செய்தது.

ஆக என் வரிசை இது: குவாட்டர்பேக் இல்லாவிட்டால் குவாட்டர்பேக். இருந்தால் டாக்கிள், எதிரணிக் குவாட்டர்பேக்கைத் துரத்தும் எட்ஜ் ரஷர், அவற்றோடு ஏறக்குறைய சமமாகக் கார்னர்பேக், பிறகு ரிசீவர், தற்காப்பு முன்வரிசையின் நடுவில் நிற்கும் டிஃபென்சிவ் டாக்கிள். சேஃப்டி (ஆகப் பின்னால் காவல் நிற்பவர்), கார்ட் (தடுப்பு வரிசையில் டாக்கிளுக்கு உள்பக்கம்), லைன்பேக்கர் (தற்காப்பு முன்வரிசைக்குப் பின்னால்) எல்லாம் இரண்டாம் சுற்றுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஈகிள்ஸின் லைன்பேக்கர் சாக் பான் 2024இல் ஒரு வருடத்துக்கு 3.5 மில்லியனுக்கு வந்தவர், அந்த வருடமே லீக்கின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலில் முதல் அணியில் இடம் பிடித்தார். பந்தை உதைக்கும் கிக்கருக்கு முன்சுற்று வேண்டவே வேண்டாம். 2016இல் டாம்பா பே இரண்டாம் சுற்றுக்கு ஏறிப் போய் எடுத்த ராபர்ட்டோ அகுவாயோ அடுத்த பருவம் தொடங்கும் முன்பே நீக்கப்பட்டார்.

எல்லோரும் இரண்டு பெயர்களுக்கு நடுவில் மல்லுக்கட்டும்போது மூன்றாவது வழியையும் எடுத்துப் போடுங்கள்: இடத்தை விற்றுவிட்டுக் கீழே இறங்குவது. பொருளாதாரத்தில் 2017இல் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலர், கேட் மாஸியோடு சேர்ந்து டிராஃப்டை ஆராய்ந்திருக்கிறார். ஒரே இடத்துக்கு அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இருவரில் முன்னவர் பின்னவரைவிட நன்றாக ஆடுவது, காசு சுண்டிப் போடுவதைவிடக் கொஞ்சம்தான் மேல் என்று கண்டார்கள். அப்படியானால் ஒரு வாய்ப்பைக் கொடுத்து இரண்டு வாங்குவது பெரும்பாலும் நல்ல வியாபாரம். பெரிய குவாட்டர்பேக் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது மட்டும் இதைச் சொல்லாதீர்கள்.

வாதம் கைகலப்பு ஆகாமல் இருக்க ஒரு ஏற்பாடு: அவரவர் தேர்வையும் காரணத்தையும் அணி பெயரை அறிவிப்பதற்கு முன்பே வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரியில் போட்டுவிட வேண்டும். அப்புறம் மாற்றக் கூடாது. முதல் பருவம் முடிந்ததும் யாரையும் பிடித்துக் கேள்வி கேட்காதீர்கள், மூன்று வருடம் போகட்டும், தடுப்பு வரிசைப் பையன்களுக்கு அவ்வளவு காலம் வேண்டும்.

இரண்டாம், மூன்றாம் சுற்று நமக்குச் சனிக்கிழமை காலை 7 மணிக்கு. நான்கு முதல் ஏழு வரை சனி நள்ளிரவு 12க்குத் தொடங்கும். மேசையில் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள், நீங்கள் தே தாரிக் சொல்லிவிட்டு உட்காருங்கள். அந்த நேரத்தில் தயார் ஆட்டக்காரர் கிடைக்க மாட்டார், அதனால் தேவை எது என்று பார்க்காமல், சொல்லிக்கொடுத்து வராத விஷயம் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்: உயரம், எடை, கால் வேகம். ஈகிள்ஸின் முன்னாள் சென்டர் ஜேசன் கெல்சி 2011இல் 191ஆவது ஆள். இடது டாக்கிள் ஜோர்டன் மைலாட்டா 2018இல் 233ஆவது, ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடிக்கொண்டிருந்தவர், அதுவரை அமெரிக்கக் காற்பந்து ஆட்டம் ஒன்றில்கூட இறங்கியதில்லை.