ஸ்ட்ரிங் குவார்ட்டெட் கேட்கப் போகிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

இரண்டு வயலின், ஒரு வியோலா (வயலினைவிடச் சற்றுப் பெரியது, குரலும் தாழ்ந்தது), ஒரு செல்லோ (அதைவிடப் பெரியது, உட்கார்ந்து முழங்கால்களுக்கிடையே வைத்து வாசிப்பது). மேற்கத்திய செவ்வியல் இசையில் அவ்வளவுதான் ஸ்ட்ரிங் குவார்ட்டெட், அந்த நால்வருக்காக எழுதிய இசைக்கும் அதே பெயர்தான். பாட்டு கிடையாது, தாள வாத்தியம் கிடையாது, ஆர்க்கெஸ்ட்ராவின் முழக்கமும் கிடையாது. நாலு பேர் பேசிக்கொள்வதைப் பக்கத்து அறையிலிருந்து ஒட்டுக்கேட்பது மாதிரியான சங்கதி இது, அதனால் பின்னணியில் ஓடவிட்டு மெயிலுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தால் சலிப்புதான் மிஞ்சும்.

சரி, உட்கார்ந்து கேட்கிறோம். அப்போதும் மேலே ஒலிக்கும் முதல் வயலினை மட்டும் பிடித்துக்கொண்டு போய்விடுவோம். கச்சேரி கேட்டுப் பழகிய காது பாடகரைத்தானே தேடும், மற்றதெல்லாம் அதற்குப் பக்கவாத்தியம். இதை மாற்ற இசையமைப்பாளர் ஹைடனின் 'எம்பரர்' குவார்ட்டெட்டில் (ஓபஸ் 76, எண் 3; ஓபஸ் என்பது படைப்பு வரிசை எண்) இரண்டாவது பகுதியைக் கேளுங்கள். இன்றைய ஜெர்மன் தேசிய கீதத்தின் மெட்டுதான் அது. முதல் வயலின் ஒருமுறை வாசித்து முடித்ததும் அதே மெட்டு இன்னும் நாலு தடவை வரும், மெட்டு மாறாது, ஆள்தான் மாறுவார்: இரண்டாம் வயலின், செல்லோ, வியோலா, கடைசியில் மறுபடி முதல் வயலின். இரண்டாம் வயலின் நிதானமாக மெட்டைச் சொல்லும்போது முதல் வயலின் அதைச் சுற்றிச் சுற்றி ஓடும், மற்ற இருவரும் சும்மா இருப்பார்கள். வியோலாவின் முறை வரும்போது அதை விடாமல் தொடர முடிந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

போன் ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காதீர்கள். செல்லோவின் அடித்தந்தி கிட்டத்தட்ட 65 ஹெர்ட்ஸ், அந்தக் குட்டி ஸ்பீக்கருக்கு அது எட்டாது. அதற்காக லட்சத்தில் சாமான் வாங்கவும் வேண்டாம், சுமாரான ஒயர் ஹெட்போனே போதும். 192 கிலோஹெர்ட்ஸ் ஃபைல் (ஒலியை நொடிக்கு 1,92,000 தடவை அளந்து பதிவு செய்தது) தேடி அலைவதும் வீண்தான், சாதா சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸே மனிதக் காதுக்குக் கேட்கும் 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் தாராளமாகப் பிடித்துவிடுகிறது. மைக்கை எங்கே வைத்தார்கள், எந்த மாதிரி அறை என்பதில்தான் ரெக்கார்டிங்கின் தரம் இருக்கிறது. ஒலியளவையும் ஏற்றாதீர்கள், நாலு பேர் ஒரு கூடத்தில் வாசித்தால் எவ்வளவு சத்தம் வருமோ அவ்வளவு போதும்.

எடுத்த எடுப்பிலேயே பீத்தோவனின் ஓபஸ் 131-க்குப் போய் மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. ஏழு பகுதிகள், இடைவெளியே இல்லாமல் சுமார் நாற்பது நிமிடம். நான் அதை முதன்முதலில் ஷஃபிளில் கேட்டேன், மூன்றாவது பகுதி முடிந்ததும் ஏதோ ஒரு சினிமா பாட்டு வந்து விழுந்தது. அதற்குப் போகும் முன் இன்னொரு இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் 'ட்ரௌட்' குவின்டெட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரலாம்: குவார்ட்டெட் இல்லை, பியானோவும் டபுள் பேஸும் (செல்லோவைவிடப் பெரிய தந்தி வாத்தியம்) சேர்ந்த ஐவர் இசை, ஆனால் ரொம்பக் கலகலப்பானது.

1930-களில் புஷ் குவார்ட்டெட் என்ற நால்வர் குழு பதிவு செய்த பீத்தோவனை 'பழசு, மோனோ (ஸ்டீரியோ இல்லாத ஒற்றைத் தட ஒலி)' என்று ஒதுக்காதீர்கள். இரைச்சல் ஐந்து நிமிடத்தில் பழகிவிடும், வாசிப்பு அப்படி.

கடைசியாக ஒன்று. நல்ல ரெக்கார்டிங்கில் முதல் ஸ்வரத்துக்குச் சற்று முன்னால் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஹெட்போன் போய்விட்டது என்று நினைத்து நான் ஒயரை இரண்டு தடவை பிடுங்கிச் செருகியிருக்கிறேன். கண்டக்டர், அதாவது முன்னால் நின்று கையசைத்து நடத்துபவர், இல்லாத கோஷ்டி இல்லையா, முதல் வயலின்காரர் மூச்சை இழுத்துத்தான் மற்ற மூவருக்கும் எடுப்பு கொடுக்கிறார்.