புரொப்பல்லர் ஸ்லிப்: 28 சதவீதத்திலிருந்து 16-க்கு

40 ஹெச்பி அவுட்போர்டு பூட்டிய என் ஃபைபர் படகு, காசிமேட்டுக்கு வெளியே 5200 ஆர்பிஎம்மிலும் 20 நாட்டை (மணிக்கு இத்தனை கடல் மைல்) தாண்டவில்லை. நழுவாமல் போனால் வரவேண்டிய வேகத்துக்குக் கணக்கு இதுதான்: ஆர்பிஎம்மை இஞ்ச் பிட்சால் (புரொப்பல்லர் ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம்) பெருக்கி, கியர் விகிதத்தால் வகுத்து, மறுபடி 1215-ஆல் வகுக்க வேண்டும். 13 பிட்ச், 2-க்கு 1 கியர் என்றால் 27.8 நாட் வரவேண்டும். ஆக, ஸ்லிப், அதாவது தண்ணீரில் நழுவி வீணாகும் பங்கு, 28 சதவீதம். 10 முதல் 20 வரை சகஜம். பூஜ்யமாகவே ஆகாது. ஜிபிஎஸ் வேகத்தை வடக்கே ஒரு ஓட்டம், தெற்கே ஒரு ஓட்டம் ஓட்டிச் சராசரி எடுங்கள். நம் கரையோர நீரோட்டம் ஒரு பக்க அளவை ஏமாற்றிவிடும்.

பிட்சை மாற்று என்று ஆளாளுக்குச் சொல்வார்கள், கேட்காதீர்கள். முதலில் ரப்பர் ஹப், அதாவது புரொப்பல்லரின் நடுவில் தண்டோடு பிடித்திருக்கும் ரப்பர் பகுதி. உள் புஷ்ஷிலிருந்து வெளிக்கூடு வரை ஒரே பெயின்ட் கோடு போட்டு, முழு த்ராட்டிலில் ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் ஹப் போச்சு. இதில் விலகவில்லை.

கோளாறு எஞ்சின் உயரத்தில். புரொப்பல்லருக்கு மேலே காற்றைத் தடுக்கும் தட்டான கேவிட்டேஷன் பிளேட், படகின் அடிமட்டத்துக்கு 2 இஞ்ச் மேலே நின்றது. திரும்பும்போதெல்லாம் புரொப்பல்லர் காற்றை இழுக்கும், எஞ்சின் அலறும். டிரான்சத்தில் (எஞ்சின் மாட்டும் பின்பலகை) உள்ள போல்ட்டுகளைக் கழற்றி இரண்டு துளை, அதாவது ஒன்றரை இஞ்ச் இறக்கி, மரைன் சீலன்ட் வைத்து இறுக்கினேன். பிளேடு ஓரச் சொட்டைகளை அரத்தால் தேய்த்தேன். மூன்று பிளேடும் சமமாக இல்லாவிட்டால் அதிரும். அடியில் ஒட்டியிருந்த கொட்டலசையும் சுரண்டியாயிற்று.

எஞ்சின் 5100-க்கு இறங்கியது, படகு 23 நாட்டுக்கு ஏறியது.