இட்லிப் பானையில் சேய்டான்

அல்வாவுக்குக் கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்தவர்கள், கடைசியில் தவிட்டோடு கையில் ஒட்டிக்கொண்டு ரப்பர் போல இழுபடும் பசையைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். நாம் சக்கையோடு எறிந்துவிடும் அந்தப் பசையிலிருந்துதான் சேய்டான் செய்கிறார்கள். சீனத்துப் பௌத்த மடங்களில் இறைச்சிக்கு மாற்றாகப் பல நூற்றாண்டுகளாகச் சமைக்கப்பட்டுவரும் இதற்கு அங்கே ‘மியன்ஜின்’, அதாவது மாவின் தசைநார், என்று பெயர். நம் காதுக்குச் சாத்தானை நினைவூட்டும் இன்றைய பெயர் 1960களின் தொடக்கத்தில் ஜப்பானியரான ஜார்ஜ் ஒசாவா வைத்தது.

மைதாவைப் பிசைந்து ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, மாவுச்சத்து கரைந்து போகும்வரை அலசி எடுப்பதே பழைய முறை. அரை கிலோ மைதாவுக்கு ஏறக்குறைய 150 கிராம் ஈரமான பசைதான் தேறும். பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீரும் செலவாகும். அவசரத்துக்கு, பேக்கரிப் பொருள்கள் விற்கும் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும் குளூட்டன் மாவே, அதாவது கோதுமைப் புரதமான அந்தப் பசையை உலர்த்திப் பொடித்த மாவே, நல்லது.

குளூட்டன் மாவு 150 கிராம், கடலை மாவு 30 கிராம், மிளகுத்தூள், சீரகத்தூள், சிறிது உப்பு ஆகியவற்றை உலர்வாகவே நன்றாகக் கலந்துகொள்ளுங்கள். கடலை மாவை விட்டுவிட வேண்டாம். சேய்டான் சவ்வாக இழுப்பதை அது குறைப்பதோடு, கோதுமைப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலத்தையும் ஈடுசெய்கிறது. இரண்டு மேசைக்கரண்டி சோயா சாஸும் ஒரு கரண்டி எண்ணெயும் சேர்த்து மொத்தம் 180 மில்லி வருமாறு தண்ணீரைக் கலந்து, அதை ஒரே தடவையில் ஊற்றிக் கிளறுங்கள், ஏனென்றால் சிறிது சிறிதாக ஊற்றினால் முதலில் நனைந்த மாவு உடனே இறுகிக் கட்டிகட்டியாகிவிடும். இரண்டு நிமிடம் மட்டும் பிசைந்தால் போதும்; இழுத்து விட்டால் சட்டென்று சுருங்கிக்கொள்ளும். பத்து நிமிடம் மூடி வைத்தால் தளர்ந்து, சொன்னபடி கேட்கும்.

பிறகு மூன்று விரல் பருமனுக்கு உருட்டி, வேகும்போது உப்புவதற்கு இடம்விட்டு அலுமினியத் தாளில் சுற்றி, இட்லிப் பானையில் 40 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். இடையில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிலர் நேரடியாகக் குழம்பிலேயே போட்டு வேகவைப்பார்கள். அது தவறில்லை, ஆனால் குழம்பு தளதளவென்று கொதிக்கக் கூடாது. முதல் தடவை நான் அப்படிக் கொதிக்கவிட்டதில், உள்ளெல்லாம் ஓட்டை விழுந்து, பாத்திரம் தேய்க்கும் பஞ்சு போலாகிவிட்டது.

வெந்தவுடன் வெட்டினால் பிசுபிசுக்கும். ஆறவைத்து ஓரிரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இறுகி, மெல்லிய துண்டுகளாக நறுக்க வரும். சீலியாக் நோயோ (குளூட்டன் குடலைப் பாதிக்கும் நோய்) கோதுமை ஒவ்வாமையோ உள்ளவர்களுக்கு இதை ஒருபோதும் பரிமாற வேண்டாம். இது முழுக்க முழுக்கக் குளூட்டன். மற்றவர்களுக்கு, சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்து, ஓரம் மொறுமொறுப்பாகும்வரை மிளகு வறுவலாகப் புரட்டி எடுங்கள். உப்பை மட்டும் கடைசியில் ருசி பார்த்துச் சேருங்கள், சோயா சாஸிலேயே போதிய உப்பு இருக்கிறது.